ஈரத்துணியை எண்ணு தங்கச்சி

என் தங்கைக்குத் தலைப்பிரசவம். மதுரையில் அம்மா வீடு. ஆபரேஷன் முடிந்து நாலாம் நாள் பிள்ளையோடு வந்து இறங்கினாள். அன்று சாயங்காலம் ஐந்தரை மணிக்குப் பிள்ளை அழ ஆரம்பித்தான். மார்பில் போட்டால் குடிப்பான், ஐந்து நிமிஷத்தில் வாயை எடுப்பான், மறுபடி அழுவான். எதிர்வீட்டு அத்தை எட்டிப் பார்த்து, "பால் பத்தலையோ என்னமோ, புள்ள இப்படிக் கத்துது" என்றார். வந்திருந்த சித்தியும் அதையே சொன்னார். ஏழு மணிக்குள் அந்தப் பேச்சை நாலு பேர் வாயிலிருந்து கேட்டுவிட்டாள். எட்டு மணிக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, மாமாகிட்டச் சொல்லி ஒரு பவுடர் டப்பா வாங்கிட்டு வரச் சொல்லு. எனக்குப் பால் இல்ல" என்று அழுதாள்.

நான் கொல்லைப்பக்கம் போய்க் கொடியில் கிடந்த துணிகளை எண்ணினேன். காலையிலிருந்து ஐந்து துணி நனைத்திருந்தான். மலம் கருப்பு மாறி, பச்சை மாறி, மஞ்சளாகப் போக ஆரம்பித்திருந்தது. பால் இருக்கிறது, அதுவும் போதிய அளவு இருக்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். அதை அவளிடம் காட்டினேன். அன்று ராத்திரி டப்பா வரவில்லை.

இரண்டு பிள்ளைகளுக்குப் பால் கொடுத்து, தங்கைக்கும் அப்புறம் இரண்டு நாத்தனார்களுக்கும் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். நல்ல உடம்போடு இருக்கிற பெண்கள் பால் கொடுப்பதைப் பாதியில் நிறுத்துவதற்கு நான் பார்த்த முதல் காரணம் "பால் பத்தலை" என்ற அந்த ஒரு வார்த்தை. அதனால், பிள்ளை பெறப்போகும் தங்கச்சி, இதை உனக்காக மட்டும் எழுதவில்லை. உன் அம்மாவும், மாமியாரும், குறிப்பாக உன் வீட்டுக்காரரும் படிக்கட்டும்.

முதலில் அந்தக் கணக்கு

பிறந்த அன்றைக்கு ஒரு துணி நனைந்தால் போதும். இரண்டாம் நாள் இரண்டு, மூன்றாம் நாள் மூன்று. ஐந்தாம் நாள் தாண்டிவிட்டால் 24 மணி நேரத்தில் ஆறுக்குக் குறையாமல் நனைக்க வேண்டும். முதல் இரண்டு நாள் மலம் தார் மாதிரி கருப்பாகப் போகும். நாலைந்து நாளில் கடுகை அரைத்துக் கரைத்தது போல மஞ்சளாகிவிட வேண்டும். எடை முதல் சில நாட்களில் குறையும். பிறந்த எடையில் பத்து சதவீதம் வரை குறைவதுண்டு, அதற்கு மேல் போனால் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். குறைந்த எடை இரண்டு வாரத்துக்குள் திரும்பி வந்துவிடும். அதன்பின் முதல் மூன்று மாதம் நாளுக்கு ஏறத்தாழ 25, 30 கிராம் ஏறும்.

எங்கள் அப்பா இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம், ஒவ்வொரு துணி நனைந்ததும் பென்சிலால் ஒரு கோடு. மலம் போனால் ஒரு வட்டம். சாமி அலமாரியில் கிளிப் போட்டு மாட்டிவைத்திருந்தார். யாராவது வந்து "பால் பத்துதா?" என்று ஆரம்பித்தால், என் தங்கை பேசவே வேண்டாம். அப்பா அந்தத் தாளை எடுத்து நீட்டுவார். கடையில் வாங்கும் டயாப்பர் மாட்டினால் எத்தனை முறை போனான் என்று தெரியாது. அதனால் முதல் இரண்டு வாரம் பகலிலாவது பழைய வேட்டித் துணியைக் கட்டு.

கணக்கு குறைந்தால் சும்மா இருக்காதே. ஐந்து நாள் தாண்டியும் துணி ஆறு நனையவில்லை, எழுப்பினாலும் எழாமல் துவண்டு தூங்குகிறான், மஞ்சள் முகத்திலிருந்து இறங்கி உள்ளங்கை உள்ளங்கால் வரை வந்துவிட்டது, உடம்பு சுடுகிறது என்றால், பாட்டி வைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் அன்றைக்கே குழந்தை டாக்டரிடம் போ.

பிரசவ அறையில்

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் பிள்ளை மார்பில் வாய் வைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆபரேஷன் என்றாலும் அதேதான். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்யும்போது தாய் விழித்துத்தான் இருக்கிறாள். கூட ஒருவர் பிடித்துக்கொண்டால் போதும். என் மூத்தவன் பிறந்தபோது எனக்கு இது தெரியாது. அவனை வேறு அறையில் வைத்துப் புட்டியில் எதையோ கொடுத்து, ஆறு மணி நேரம் கழித்துத்தான் என்னிடம் தந்தார்கள். நானும் கேட்கவில்லை, கூட இருந்தவர்களும் கேட்கவில்லை. பிறகு அவனை மார்புக்குப் பழக்க எனக்குப் பத்து நாள் ஆனது. அதனால் எட்டாம் மாதமே டாக்டரிடம் சொல்லி ஃபைலில் எழுதி வைக்கச் சொல். வலியில் உனக்குப் பேச்சு வராது. "சிஸ்டர், புள்ளைய அம்மா மேல போடலாமா?" என்று கேட்கும் வேலையைக் கூட வருகிற ஆளிடம் ஒப்படைத்துவிடு.

முதல் இரண்டு மூன்று நாள் வருவது சீம்பால். மஞ்சளாக, பிசுபிசுவென்று, சொட்டுச் சொட்டாக வரும். முதல் நாள் முழுக்கச் சேர்த்தாலும் இரண்டு மூன்று மேசைக்கரண்டிதான் இருக்கும். பார்க்கிறவர்களுக்கு அது பாலாகவே தெரியாது. பிறந்த பிள்ளையின் வயிறும் சின்னதுதான், முதல் நாள் ஒரு தடவைக்கு ஐந்து ஏழு மில்லி போதும். அந்தச் சொட்டுகளில் நோய் எதிர்ப்புச் சத்து நிறைந்திருக்கிறது. ஒரு காலத்தில் இதைக் கெட்ட பால் என்று பீச்சித் தரையில் விட்டார்கள்.

பிறந்த பிள்ளை வாயில் முதலில் சேனை தொட்டு வைப்பது நம் பக்கம் விடாத பழக்கம். சர்க்கரைத் தண்ணீர், தேன், சில ஊர்களில் தெருவில் ஓட்டிக்கொண்டு வரும் கழுதையின் பால். தேன் ஒரு வயது முடியும்வரை கூடவே கூடாது. அதில் இருக்கக்கூடிய கிருமி வித்துகள் பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நரம்புகளைத் தளரச் செய்துவிடும். ஆனால் தொண்ணூறு வயதில் ஆசையாக வந்து நிற்கும் அப்பத்தாவிடம் கிருமிப் பாடம் எடுக்க முடியுமா? எங்கள் வீட்டில் செய்ததைச் சொல்கிறேன். அப்பத்தாவைச் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொன்னோம். தங்கை ஒரு சொட்டுச் சீம்பாலை அவர் விரலில் பீச்சினாள். அதையே பிள்ளை உதட்டில் தொட்டு வைத்தார். சடங்கும் நடந்தது, பிள்ளை வாயில் தாய்ப்பாலைத் தவிர எதுவும் படவில்லை.

இன்னொன்றும் தெரிந்துகொள். ஆஸ்பத்திரியில் யாராவது பவுடர் டப்பாவை இலவச மாதிரி என்று கையில் கொடுத்தால் அது சட்டப்படி தப்பு. 1992-ல் வந்த சட்டம், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பால் பவுடர், புட்டி ஆகியவற்றின் விளம்பரத்தையும் இலவச விநியோகத்தையும் தடுத்திருக்கிறது. வேண்டாம் என்று சொல்ல உனக்குத் தயக்கமே வேண்டாம்.

வாய் வைக்கும் விதம்

பால் கொடுக்கும்போது வலித்தால் "அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கோ" என்பார்கள். முதல் சில விநாடி சுள்ளென்று இருப்பது சரி. அதற்கு மேலும் வலித்தால் பிள்ளை வாய் வைத்த விதம் தப்பு என்று அர்த்தம்.

என் தங்கைக்கு ராத்திரி இரண்டு மணிக்கு விளக்கைப் போட்டு உட்கார்ந்து சரிசெய்தோம். அவள் கால் கட்டைவிரல் தரையை அழுத்திச் சுருண்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் வலி எனக்குப் புரிந்தது. பிள்ளை காம்பின் நுனியை மட்டும் கவ்வி, சப்புச் சப்பென்று சத்தத்தோடு இழுத்துக்கொண்டிருந்தான். அவள் சுண்டுவிரலை அவன் கடைவாயில் மெல்ல நுழைத்துப் பிடியை விடுவித்தோம். இழுத்துப் பிடுங்கினால் காம்பு கிழியும். பிறகு அவனை முழு உடம்பும் அவள் பக்கம் திரும்பும்படி, வயிறும் வயிறும் ஒட்டப் படுக்க வைத்தோம். மூக்குக்கு நேராகக் காம்பு. காம்பால் மேலுதட்டைத் தடவியதும் கொட்டாவி விடுவது போல வாயைப் பெரிதாகத் திறந்தான். அந்தக் கணத்தில் அவனை மார்புக்குக் கொண்டுவந்தோம், மார்பை அவனிடம் குனிந்து கொண்டுபோகவில்லை. கருவட்டத்தின் கீழ்ப்பகுதி முழுக்க வாய்க்குள் போனது. தாடை மார்பில் புதைந்தது, கீழுதடு வெளியே மடங்கியது. சப்பும் சத்தம் நின்றது. ஒன்று, இரண்டு, பிறகு 'க்ளக்' என்று விழுங்குகிற சத்தம் கேட்டது. அவள் கால்விரல் தானாக விரிந்தது.

தையல் வலிக்கிறவர்கள் ஒருக்களித்துப் படுத்துக் கொடுக்கலாம். அல்லது பிள்ளையைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வது போல வைத்து, கால் பின்பக்கம் போகக் கொடுத்தால் வயிற்றில் பாரம் விழாது. முதுகுக்கு ஒரு தலையணை, கைக்கு ஒன்று. உட்கார்ந்தபடி தூக்கம் சொக்கினால் பிள்ளையை வேறு ஆளிடம் கொடுத்துவிடு. சோபாவிலோ சாய்வு நாற்காலியிலோ பிள்ளையை வைத்துக்கொண்டு கண்ணயர்வது ஆபத்து.

காம்பு வெடித்திருந்தால் சோப்புப் போடாதே. கொடுத்து முடித்ததும் இரண்டு சொட்டு உன் பாலையே தடவிக் காற்றாட விடு. காம்பு உள்ளடங்கி இருந்தாலும், இரண்டு மூன்று நாளில் வலி குறையாவிட்டாலும் நர்ஸிடம் நேரில் காட்டு. தாய்ப்பால் ஆலோசகர் இருக்கிற ஆஸ்பத்திரி என்றால் இன்னும் நல்லது. போனில் சொல்லிப் புரியவைக்கிற விஷயமல்ல இது.

பால் கட்டிக்கொண்டால்

மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் பால் இறங்கும். மார்பு கல் மாதிரி ஆகும், கருவட்டமும் விறைத்துக்கொள்வதால் பிள்ளையால் கவ்வ முடியாது. விரல் நுனிகளால் காம்பைச் சுற்றி உள்நோக்கி ஒரு நிமிஷம் மெதுவாக அழுத்திப் பிடித்தால் அந்த இடம் இளகும். உடனே பிள்ளையைப் போடு. கொடுத்து முடித்தபின் ஈரத்துணியில் சுற்றிய ஐஸ் வைத்தால் வீக்கம் தணியும். கட்டியை உடைக்கிறேன் என்று எண்ணெய் தேய்த்து அழுத்திப் பிசையவே வேண்டாம். உள்ளே திசு இன்னும் வீங்கும். ஒரு பக்கம் சிவந்து, சூடாகி, குளிரோடு காய்ச்சல் வந்தால் டாக்டரைப் பார். அப்போதும் அந்தப் பக்கம் பால் கொடுக்கலாம், பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது.

சாயங்கால அழுகை

என் தங்கை பிள்ளை அழுத அழுகைக்கு வருவோம். பிறந்த சில வாரங்களுக்குப் பல பிள்ளைகள் சாயங்காலத்தில் அரை மணிக்கொரு தரம் மார்பைக் கேட்கும். இரண்டு மூன்று வாரத்திலும், ஆறாவது வாரத்திலும், மூன்றாம் மாதத்திலும் திடீரென்று நாள் முழுக்கக் கேட்கும். வளர்கிற வேகத்துக்கு ஏற்றபடி பாலைக் கூட்டச் சொல்லிப் பிள்ளை கொடுக்கிற ஆர்டர் அது. இறைக்க இறைக்க ஊறும் கிணறு. அந்த நேரத்தில் பயந்து ஒரு புட்டி பவுடர் பாலைக் கொடுத்தால் பிள்ளை நாலு மணி நேரம் தூங்கும், மார்பில் இறைப்பு நிற்கும், மறுநாள் நிஜமாகவே பால் குறையும். பத்தாது என்ற பேச்சு பத்தாமலே ஆக்கிவிடுவது இப்படித்தான்.

24 மணி நேரத்தில் எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை என்பது சாதாரணம். கடிகாரம் பார்த்துக் கொடுக்காதே. கையை வாய்க்குக் கொண்டுபோவதும், தலையை அப்படி இப்படித் திருப்பித் தேடுவதும்தான் பசிக்கு அறிகுறி. அழுகை கடைசியில்தான் வரும். பால் ஊறச் செய்யும் ஹார்மோன் ராத்திரியில் அதிகம் சுரக்கும் என்பதால் இரவுப் பாலை விட்டுவிடாதே.

தண்ணீர் வேண்டாமா என்பார்கள், அதுவும் நம் சித்திரை வெயிலில். தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்குக்கு மேல் தண்ணீர்தான். ஆறு மாதம் முடியும்வரை ஒரு பாலாடைத் தண்ணீர்கூட வேண்டாம். கிரைப் வாட்டர், உரைமருந்து எதுவும் வேண்டாம். டாக்டர் எழுதித் தரும் வைட்டமின் டி சொட்டு மட்டும் தவறாமல் கொடு. வெயிலில் போய்விட்டு வந்தால் "சூட்டுப் பால், பீச்சி விட்டுட்டுக் குடு" என்பார்கள். மார்புக்குள் பால் சூடேறுவதும் இல்லை, கெடுவதும் இல்லை. உனக்குச் சளி, சாதாரணக் காய்ச்சல் என்றாலும் கொடு. புதிதாக மாத்திரை எழுதினால் மட்டும் "பால் கொடுக்கிறேன்" என்று டாக்டரிடம் சொல்லிவிடு.

நிஜமாகவே பால் குறைவான தாய்மார்களும் இருக்கிறார்கள். தைராய்டு, நஞ்சுக்கொடித் துண்டு உள்ளே தங்கிவிடுவது, மார்பில் முன்பு நடந்த அறுவை சிகிச்சை என்று காரணங்கள் உண்டு. முயன்று பார்த்தும் எடை ஏறாமல், டாக்டர் சொல்லிப் பவுடர் பால் கொடுக்கிறாய் என்றால் அதில் குற்றவுணர்வுக்கு இடமே இல்லை. டப்பாவில் போட்டிருக்கும் அளவுக்கு ஒரு கரண்டியும் குறைக்காமல் கரை. சிக்கனம் பார்த்துத் தண்ணீராகக் கரைத்தால் பிள்ளை மெலியும். முடிந்தவரை மார்பிலும் போட்டுக்கொண்டே இரு.

உன் சாப்பாடு

பத்தியம் என்ற பெயரில் பெற்றவளைப் பட்டினி போடும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. பால் கொடுக்கும் முதல் ஆறு மாதம் வழக்கத்தைவிட நாளுக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு. அதாவது ஒரு வேளைச் சாப்பாடு கூடுதல். தண்ணீர் குடித்தால் வயிறு தொங்கும் என்று சொம்பை எடுத்து வைத்துவிடுவார்கள். அதை மட்டும் கேட்கவே கேட்காதே. பிள்ளை வாய் வைத்ததும் உனக்குத் தாகம் எடுக்கும். பக்கத்தில் ஒரு சொம்பு எப்போதும் இருக்கட்டும்.

பூண்டுக் குழம்பு, முருங்கைக்கீரை, முட்டை, மீன், பருப்பு எல்லாம் உன் உடம்பு தேற நல்லது, சாப்பிடு. ஆனால் எந்தச் சாப்பாடும் தனியாக நின்று பாலை ஊறவைத்துவிடாது. பிள்ளை சரியாக உறிஞ்சுவதுதான் ஊறவைக்கும். பால் ஊற என்று சுறாப் புட்டு நம் பக்கம் பேர் போனது. சுறா இனத்து மீன்களில் பாதரசம் சேரும் என்பதால் பால் கொடுக்கிறவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது என்பேன். நெத்திலியும் சாளையும் சத்தில் குறைந்தவை இல்லை. யார் கிண்டியது, என்ன போட்டது என்று தெரியாத லேகியப் பொட்டலமும் வேண்டாம்.

வீட்டுக்காரர்களுக்கு

தம்பி, இது உங்களுக்கு. நம் வழக்கப்படி மனைவி மூன்று ஐந்து மாதம் அம்மா வீட்டில் இருப்பார். நீங்கள் சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறி வந்து, ஞாயிறு சாயங்காலம் பிள்ளையை ஒருமுறை முகர்ந்துவிட்டுக் கிளம்பிவிடுவீர்கள். பால் கொடுப்பது பெண்கள் காரியம் என்று அறைக்கு வெளியே உட்கார்ந்துவிடாதீர்கள். கொடுத்து முடித்ததும் பிள்ளையைத் தோளில் சாய்த்து ஏப்பம் விடவைப்பது உங்கள் வேலை. துணி மாற்றுவதும், காலண்டர் தாளில் கோடு போடுவதும், ராத்திரி எழுந்து பிள்ளையைத் தூக்கி அவர் கையில் கொடுப்பதும் உங்கள் வேலை. உங்கள் அம்மா போனில் "பால் பத்துதா?" என்று கேட்டால் பதிலை நீங்களே சொல்லுங்கள்: "ஏழு துணி நனைச்சிருக்கான், நல்லா இருக்கான்மா." அந்த ஒரு பதில் உங்கள் மனைவிக்கு எத்தனை பூண்டுக் குழம்புக்கும் மேல்.

பார்க்க வருகிறவர்களைச் சமாளிக்க எங்கள் அம்மாவுக்குக் கண் திருஷ்டி கைகொடுத்தது. "பால் குடுக்குறா, கண் பட்டுரும், பத்து நிமிஷம் வெளிய இருங்க" என்று சொன்னால் யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள். அந்தக் கதவு சாத்தியிருக்கும் நேரம் தாய்க்கு நிம்மதி.

பெற்ற முதல் வாரத்தில் காரணமில்லாமல் கண்ணீர் வருவது சகஜம், இரண்டு வாரத்துக்குள் சரியாகும். அதற்கு மேலும் அழுகை, பிள்ளையைப் பார்க்கவே பிடிக்காமல் போவது, தூக்கம் கிடைத்தாலும் தூங்க முடியாமல் இருப்பது, செத்துவிடலாம் என்ற நினைப்பு வருவது என்றால் "பேய்க்குணம்" என்று மந்திரிக்கப் போகாதீர்கள். அது சிகிச்சையால் குணமாகும் நோய். டாக்டரிடம் காட்டுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

வேலைக்குத் திரும்பும்போது

2017 திருத்தத்துக்குப் பிறகு மகப்பேறு விடுப்பு முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம். தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு 2021 முதல் 12 மாதம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், நாளுக்கு நாலு முறை போய்ப் பிள்ளையைப் பார்க்கலாம். பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை பால் கொடுக்கத் தனியாக இரண்டு இடைவேளை 1961 சட்டத்திலேயே இருந்தது. இதைக் கேட்டு வாங்கு. வீட்டுவேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிற பெண்களுக்கு இதெல்லாம் கைக்கு எட்டுவதில்லை என்பது எனக்குத் தாங்காத வருத்தம். உன் வீட்டில் வேலை செய்கிற பெண்ணுக்குப் பிள்ளை பிறந்திருந்தால், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து உன் அறையில் பால் கொடுக்கச் சொல்.

வேலைக்குப் போக இரண்டு வாரம் முன்பே பீச்சிப் பழகு. பம்ப் இல்லாவிட்டாலும் கை போதும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கருவட்டத்தின் விளிம்பில், முதலில் நெஞ்சுப் பக்கம் அழுத்து, பிறகு இரண்டு விரலையும் சேர்த்து அமுக்கி விடு. காம்பை இழுக்காதே. பத்து நிமிஷம் கொதிக்கவைத்து எடுத்த மூடிபோட்ட எவர்சில்வர் சம்படமோ கண்ணாடிப் பாத்திரமோ எடுத்துக்கொள். பால் அறை வெப்பத்தில் நாலு மணி நேரம் என்பது குளிர்ச்சியான அறைக்குச் சொன்ன கணக்கு. நம் ஊர் வெயிலில் அத்தனை நேரம் நம்பி வைக்காமல் சீக்கிரம் ஃபிரிட்ஜில் சேர்த்துவிடு. ஃபிரிட்ஜின் உள்பக்கம் வைத்தால் நாலு நாள் வரை இருக்கும். மேலே ஏடு பிரிந்து நிற்பது கெட்டதால் அல்ல, ஆட்டினால் கலந்துவிடும். சுடவைக்க வேண்டாம், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து வெதுவெதுப்பாக்கு.

புட்டியை நான் சேர்ப்பதில்லை. நம்மிடம் பாலாடை இருக்கிறது. மூக்கு வைத்த அந்தச் சின்னக் கிண்ணத்தால் குறைமாதக் குழந்தைகளுக்கே பெரிய ஆஸ்பத்திரிகளில் பால் ஊட்டுகிறார்கள். கழுவ எளிது, மார்பை மறக்கவும் செய்யாது. பிள்ளையை நிமிர்த்திச் சாய்த்து, கடைவாயோரம் மெதுவாக ஊற்று.

பயணத்தில் பால் கொடுக்கக் கூச்சப்பட்டுப் பிள்ளையை அழவிடாதே. 2015 ஆகஸ்டில் தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறந்தார்கள். சில ஊர்களில் பூட்டியிருக்கும். நேரக் காப்பாளரிடம் சாவி கேள், தயங்காதே.

ஆறு மாதத்துக்குப் பிறகு

ஆறு மாதம் முடிந்ததும் சாப்பாடு தொடங்கு. பால்தான் இன்னும் பிரதானம். கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாத பதம் இருக்க வேண்டும். தண்ணியாகக் கரைத்தால் வயிறு நிறையும், சத்து சேராது. கேழ்வரகுக் கூழ், நெய் விட்டு மசித்த பருப்புச் சோறு, வாழைப்பழம், வேகவைத்த முட்டை, முள் எடுத்த மீன். ஒரு வயதுவரை உப்பும் சர்க்கரையும் வேண்டாம். அங்கன்வாடியில் தரும் சத்துமாவை வாங்கிக்கொள், அது உன் பிள்ளையின் உரிமை.

பல் முளைத்ததும் கடிப்பான். சட்டென்று பிடுங்காமல் இன்னும் நெருக்கமாக மார்போடு அணைத்தால் மூக்கு லேசாக அழுந்தும், வாயைத் திறப்பான். "கடிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு ஒரு நிமிஷம் இறக்கி வை. இரண்டு மூன்று நாளில் பழகிக்கொள்வான்.

இரண்டு வயதுவரையும் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒரு வயசுக்கு மேல பாலில் சத்தில்லை என்கிற பேச்சில் உண்மை இல்லை.

பால் மறக்கவைக்க வேப்பெண்ணெய் தடவுவதும், தாயை ஒரு வாரம் வேறு ஊருக்கு அனுப்புவதும் நம் பழக்கம். என் மூத்தவனுக்கு நானும் வேப்பிலையை அரைத்துத் தடவினேன். அவன் ஒரு வாய் வைத்து, முகத்தைச் சுளித்து, என்னை நிமிர்ந்து பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் இருக்கிறது. அன்று ராத்திரி அவன் என் பக்கம் வரவில்லை. எனக்கு மார்பு கட்டிக் காய்ச்சல் வந்தது. இளையவளுக்கு அப்படிச் செய்யவில்லை. கேட்டால் கொடுத்தேன், கேட்காதபோது நானாகக் கொடுக்கவில்லை. முதலில் மத்தியானப் பாலை நிறுத்தி அந்த நேரத்தில் கதை, பழம், வாசலில் ஒரு நடை. ஒரு வாரம் கழித்துக் காலைப் பால். தூங்கப்போகும் முன் கொடுப்பது கடைசி. அந்த நேரத்தை அவள் அப்பா எடுத்துக்கொண்டார், தோளில் போட்டுத் தட்டித் தூங்கவைத்தார். இரண்டு மாதம் பிடித்தது. மார்பும் கட்டவில்லை, அவளும் அழவில்லை. மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்று பாட்டிகள் சொல்வதை 1988-ல் ஒரு மருத்துவ ஆய்வு மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்து, பலன் இருப்பதாகச் சொன்னது. படிப்படியாக நிறுத்தினால் அதுவும் தேவைப்படாது.

இந்த வாரம் பிள்ளை பெற்ற யாரையாவது பார்க்கப் போகிறீர்களா? ஒரு தூக்கில் சோறும் பருப்பும் ரசமும் எடுத்துப் போங்கள். கை கழுவுங்கள். கொடியில் துணி காய்ந்திருந்தால் மடித்து வையுங்கள். பால் பற்றி ஒன்றும் கேட்காமல் பத்து நிமிஷத்தில் கிளம்பிவிடுங்கள்.